தரையில் ஓடும் விமானமும் கோபுரத்தின் காவலும்

ஆகாய விமானம் என்ற சொல்லைக் கேட்டவுடன் வானத்தில் பறக்கும் காட்சியே மனத்தில் எழுகிறது. ஆயினும் ஒவ்வொரு விமானப் பிரயாணமும் தரையில் தொடங்கித் தரையிலேயே முடிகிறது. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதையின் முனைவரையிலும், இறங்கிய பின் ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடம் வரையிலும், விமானம் ஒரு பெரிய வண்டியைப் போலச் சக்கரங்களின் மீது நகர்ந்து செல்கிறது. இதனைத் தரையோட்டம் எனலாம். தரையோட்டத்தின்போது விமானத்தின் வேகம் பெரும்பாலும் மணிக்கு முப்பது கிலோமீட்டர் அளவிலேயே இருக்கும். சாலையில் செல்லும் பஸ்ஸைவிட இது மெதுவான செலவு. ஆகவே, இதில் என்ன அபாயம் இருக்கக்கூடும் என்று கேட்கத் தோன்றும்.

ஒரே விபத்தில் மிகுதியான மக்கள் மாண்ட விமான விபத்து வானத்தில் நிகழ்ந்ததன்று. தரையில் நிகழ்ந்தது என்பதே இக்கேள்விக்கு விடையாகும். மெதுவாக நகரும் விமானம் தவறான கணத்தில் ஓடுபாதைக்குள் புகுந்துவிடுமாயின், அதே பாதையில் மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வரும் மற்றொரு விமானத்துக்கு விலகுவதற்கு இடமும் இல்லை, காலமும் இல்லை. இத்தகைய நிகழ்ச்சியைத் தடுப்பது கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அமர்ந்திருப்போரின் தலையாய கடமை. அக்கடமையில் அவர்களுக்குத் துணையாக அமைந்துள்ள தானியங்கிச் சாதனங்கள் எவ்வாறு வேலை செய்கின்றன, அவை எதைச் செய்ய வல்லவை, எதைச் செய்ய இயலாதவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திருவனந்தபுரத்தின் அமைப்பு

இப்பிரச்னையை நேரில் கண்டு அறிவதற்குத் திருவனந்தபுரம் விமான நிலையம் ஏற்ற உதாரணமாகும். 1932-ஆம் ஆண்டில் தோன்றிய இந்நிலையத்துக்கு 1935-இல் டாட்டா நிறுவனத்தின் விமானம் பம்பாயிலிருந்து வந்து சென்றது. 1991-இல் இது சர்வதேச விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது. நிலையத்தின் நிர்வாகம் 2021 அக்டோபரில் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்ட போதிலும், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு இந்திய விமான நிலைய ஆணையத்தின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது.

இங்கு ஓடுபாதை ஒன்றே உள்ளது. அதன் நீளம் சுமார் 3,400 மீட்டர். ஒரு முனைக்கு 14 என்றும் மறுமுனைக்கு 32 என்றும் எண்கள் இடப்பட்டுள்ளன. காந்த ஊசி காட்டும் வடக்கிலிருந்து கணக்கிட்டால், ஒரு முனையிலிருந்து ஓடும் விமானம் ஏறத்தாழ 140 பாகைத் திசையையும், எதிர்முனையிலிருந்து ஓடுவது ஏறத்தாழ 320 பாகைத் திசையையும் நோக்கிச் செல்லும். இவ்வெண்களின் இறுதிப் பூஜ்யத்தை நீக்கி எழுதுவதே உலகெங்கும் உள்ள வழக்கம். இரண்டு எண்களுக்கும் இடையே எப்போதும் 18 வித்தியாசம் இருப்பதன் காரணத்தை மாணவர்கள் தாமே கண்டுகொள்வர்.

ஓடுபாதையின் மேற்கே சங்குமுகம் கடற்கரை; கிழக்கே சாக்கைப் பகுதி. பழைய பிரயாணிகள் நிலையம் கடற்கரைப் பக்கத்திலும், 2011-இல் திறக்கப்பட்ட சர்வதேசப் பிரயாணிகள் நிலையம் சாக்கைப் பக்கத்திலும் அமைந்துள்ளன. எனவே இரு மருங்கிலிருந்தும் விமானங்கள் நடுவேயுள்ள ஒரே ஓடுபாதையை நாடி வருகின்றன. இவற்றோடு பயிற்சிப் பள்ளியின் சிறு விமானங்களும், விமானப் படையின் விமானங்களும், பழுதுபார்க்கும் கூடங்களுக்கு இழுத்துச் செல்லப்படும் விமானங்களும் இதே தரையைப் பகிர்ந்துகொள்கின்றன. தீயணைப்பு வண்டிகள், பறவைகளை விரட்டும் ஊழியரின் ஜீப்புகள், விளக்குகளைச் சோதிக்கும் மின்சாரப் பிரிவினரின் வண்டிகள் ஆகியவையும் அவ்வப்போது ஓடுபாதைக்குள் செல்ல வேண்டியவையே.

எதிர்பாராத விருந்தினரும் வருவதுண்டு. 2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் கடற்படையின் எப்-35பி போர் விமானம் ஒன்று இங்கு வந்து இறங்கியது. பழுது நேர்ந்தமையால் அது ஜூலை 22 வரை இங்கேயே தங்கிவிட்டது. அதே ஆண்டு ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் இறுதிவரை, ஓடுபாதையின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் பொருட்டுப் பகலில் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை ஓடுபாதை மூடப்பட்டிருந்தது. ஒவ்வொரு மாலையிலும் ஆட்களும் யந்திரங்களும் முற்றிலும் வெளியேறிவிட்டனர் என்பது உறுதியான பிறகே விமானங்கள் மீண்டும் இறங்கலாயின. தரையில் யார் எங்கே இருக்கின்றனர் என்ற ஒரே கேள்விதான் இவை எல்லாவற்றிலும் மறைந்து நிற்கிறது.

கோபுரத்தில் நடப்பது என்ன?

கோபுரத்திலுள்ள கட்டுப்பாட்டு அதிகாரிகள் தங்கள் வேலையைப் பகிர்ந்துகொள்வர். போக்குவரத்து மிகுந்த இடங்களில் ஒருவர் தரையோட்டத்தை மட்டும் கவனிப்பார். மற்றொருவர் ஓடுபாதையையும் அதனை நெருங்கும் விமானங்களையும் கவனிப்பார். நிறுத்துமிடத்தை விட்டு நகரவும், எந்தப் பாதை வழியாகச் செல்லவும், எங்கே நிற்கவும் விமானிக்கு ரேடியோ மூலம் ஆணை பிறக்கிறது. விமானி அவ்வாணையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதிகாரி அதனைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒருவர் சொல்வதும் மற்றவர் திருப்பிச் சொல்வதும் வெறும் சடங்கல்ல. தவறாகக் கேட்டதைக் கண்டுபிடிக்கும் முதல் வலை அதுவே.

இரண்டாவது வலை காகிதத் துண்டு. ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் பெயர், வகை, செல்லுமிடம் ஆகியவை குறித்த நீண்ட துண்டு ஒன்று சட்டத்தில் பொருத்தி வைக்கப்படும். விமானம் ஓடுபாதைக்குள் சென்றதும் அத்துண்டு ஓடுபாதைக்குரிய இடத்துக்கு நகர்த்தப்படும். மனித நினைவு தவறக்கூடியது. கையால் நகர்த்திய துண்டோ கண்முன் நிற்கும். இன்று பல நிலையங்களில் காகிதத்துக்குப் பதிலாகத் திரையில் தோன்றும் மின்னணுத் துண்டுகள் வந்துவிட்ட போதிலும், அவற்றின் தத்துவம் மாறவில்லை.

மூன்றாவதும் முதன்மையானதும் கண். கோபுரத்தை உயரமாகக் கட்டி, சுற்றிலும் கண்ணாடி அமைப்பது இதன் பொருட்டே.

கண்ணுக்குள்ள எல்லை

கண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர் தூரத்தில், நகர்பாதையின் குறுக்கே மஞ்சள் கோடுகள் தீட்டப்பட்டிருக்கும். நகர்பாதை என்பது விமானங்கள் தரையில் ஓடும் வழி. ஆணையின்றி எவ்விமானமும் அக்கோட்டைத் தாண்டலாகாது. இதனைக் காத்திருப்புக் கோடு எனலாம்.

தரையிலிருந்து 30 மீட்டர் உயரத்தில் ஒருவர் அமர்ந்து, 2,000 மீட்டர் தூரத்தில் உள்ள ஒரு விமானத்தைப் பார்ப்பதாகக் கொள்வோம். அவ்விமானம் அவருடைய பார்வைக் கோட்டின் வழியே 90 மீட்டர் அப்பால் நகர்கிறது. அவர் கண்ணில் இதனால் ஏற்படும் கோண மாறுதல், ஒரு பாகையின் இருபத்தேழில் ஒரு பங்கே ஆகும். பூரண சந்திரனின் அகலத்தைப் பதினான்கு சமபாகங்களாக வகுத்தால், அதில் ஒரு பாகத்துக்கு இது சமம். விமானம் கோட்டுக்கு வெளியே நிற்கிறதா, ஓடுபாதையிலேயே நிற்கிறதா என்னும் வேற்றுமை முழுவதும் இவ்வளவு சிறிய கோணத்துக்குள் அடங்கிவிடுகிறது. தெளிந்த பகலிலேயே நிலைமை இதுவாயின், இரவில் நூற்றுக்கணக்கான விளக்குகளின் நடுவே, அல்லது தென்மேற்குப் பருவமழை கண்ணாடியில் அறையும் வேளையில், கண்ணை மட்டும் நம்பியிருத்தல் எத்துணை அபாயகரமானது என்பது வெளிப்படை.

காலத்தின் கணக்கும் இதைப்போன்றதே. மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் விமானம், காத்திருப்புக் கோட்டைத் தாண்டிய பத்து வினாடிகளில் ஓடுபாதையின் நடுக்கோட்டை அடைந்துவிடும். மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கிவரும் விமானமோ, அதே பத்து வினாடிகளில் எழுநூறு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஆகவே தவறு நேர்ந்த பிறகு அதை அறிந்து, தீர்மானித்து, ரேடியோவில் சொல்லி, விமானி அதன்படி செயற்படுவதற்கு உள்ள அவகாசம் சில வினாடிகளே.

பனிமூட்டம் கற்பித்த பாடங்கள்

1977 மார்ச் 27 அன்று, கானரித் தீவுகளுள் ஒன்றான டெனெரீப்பின் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. மூடுபனி சூழ்ந்திருந்தமையால் கோபுரத்திலிருந்தோர் இரு விமானங்களையும் காண இயலவில்லை. விமானிகளும் ஒருவரையொருவர் காணவில்லை. தரை ரேடார் அங்கு இல்லை. ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் ரேடியோவில் இரைச்சல் எழுந்து, முக்கியமான சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை. ஒரு விமானம் ஓடுபாதையில் நகர்ந்துகொண்டிருக்கையிலேயே மற்றது மேலெழும்ப ஓடத் தொடங்கிவிட்டது. 583 பேர் மாண்டனர். மேலெழும்புதல் என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லை உண்மையான அனுமதி தரும்போதும் அதனை ரத்துச் செய்யும்போதும் மட்டுமே உபயோகிக்க வேண்டும் என்ற விதி வலுப்பெற்றது இவ்விபத்துக்குப் பிறகே.

2001 அக்டோபர் 8 அன்று இத்தாலியின் மிலான் நகரத்து லினாட்டே நிலையத்திலும் பனிமூட்டம் இருந்தது. சிறு விமானம் ஒன்று வழிதவறி வேறொரு நகர்பாதையில் திரும்பி, ஓடுபாதைக்குள் புகுந்தது. மேலெழும்ப ஓடிவந்த பெரிய விமானம் அதன்மீது மோதியது. 118 பேர் உயிரிழந்தனர். அந்நிலையத்தில் பழைய தரை ரேடார் அகற்றப்பட்டிருந்தது. புதியது இன்னும் உபயோகத்துக்கு வரவில்லை. நகர்பாதைகளின் குறிகளும் பலகைகளும் தெளிவாக இல்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. சாதனம் கையிருப்பில் இருப்பது ஒன்று, அது வேலை செய்துகொண்டிருப்பது மற்றொன்று என்பதே லினாட்டே புகட்டிய பாடம்.

மூவகைக் கண்கள்

மனிதக் கண்ணுக்குத் துணையாக இன்று மூவகைச் சாதனங்கள் பயன்படுகின்றன.

முதலாவது தரை ரேடார். வானத்தை நோக்கும் பெரிய ரேடார் சில வினாடிகளுக்கு ஒருமுறை சுழல்கிறது. தரை ரேடாரின் ஏரியலோ வினாடிக்கு ஒருமுறை சுழல வல்லது. மிகக் குறுகிய ரேடியோ துடிப்புக்களை அனுப்பி, விமானத்திலும் வண்டியிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு இடத்தைக் காண்கிறது. இதன் சிறப்பு யாதெனில், எதிரிலுள்ள பொருள் ஒத்துழைக்க வேண்டிய அவசியமில்லை. எக்கருவியும் பொருத்தப்படாத டிராக்டரையும் அது காண வல்லது. இதன் குறை யாதெனில், தான் காண்பது எது என்று அது அறியாது. திரையில் ஒரு புள்ளி தோன்றும். அப்புள்ளிக்குப் பெயர் இராது. கனத்த மழையும் ஈரமான புல்தரையும் பொய்யான எதிரொலிகளைத் தரும். கட்டடங்களின் மறைவில் இருப்பவை தென்படமாட்டா.

இரண்டாவது பன்முனை நிர்ணய முறை. ஒவ்வொரு பிரயாணி விமானத்திலும் டிரான்ஸ்பாண்டர் என்னும் பதிலளிக்கும் கருவி உண்டு. அது 1,090 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், தனக்கே உரிய அடையாள எண்ணைத் தாங்கிய துடிப்புக்களை வெளியிடுகிறது. நிலையத்தைச் சுற்றிப் பல இடங்களில் வைக்கப்பட்ட சிறு ஏரியல்கள் அத்துடிப்பைக் கேட்கின்றன. அருகிலுள்ள ஏரியல் முன்னதாகவும் தொலைவிலுள்ளது பின்னதாகவும் கேட்கும். இக்கால வேற்றுமைகளைக் கொண்டு கம்ப்யூட்டர் விமானத்தின் இடத்தைக் கணக்கிடுகிறது.

மூன்றாவது, விமானமே தன் இருப்பிடத்தை அறிவிக்கும் முறை. செயற்கைக் கோள்களின் உதவியால் விமானம் தன் இடத்தைக் கண்டு, அதனை ஏறத்தாழ வினாடிக்கு ஒருமுறையோ இருமுறையோ ஒலிபரப்புகிறது. வண்டிகளிலும் இத்தகைய சிறு கருவிகளைப் பொருத்தலாம். செயற்கைக் கோள் வழிகாட்டலின் பிழைகளைத் திருத்துவதற்காக இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த ககன் திட்டத்தின் ஆதார நிலையங்களுள் ஒன்று திருவனந்தபுரத்தில் உள்ளது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் வானத்தின் மின்னேற்ற அடுக்கு மிகவும் குழப்பமுறுவதால், செயற்கைக் கோள்களின் சைகைகள் தாமதமடைந்து பிழை விளைகிறது. இதே காந்த நடுக்கோட்டின் அண்மையைக் கருதியே 1963-இல் அருகிலுள்ள தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் நிறுவப்பட்டது என்பதை ஆசிரியர்கள் அறிவர். மேலே மின்னேற்ற அடுக்கை ஆராய்ந்த விஞ்ஞானமும், கீழே விமானத்தின் இடத்தைத் திருத்தும் விஞ்ஞானமும் ஒரே ஊரில் சந்திக்கின்றன.

இம்மூன்றும் தனித்தனியே குறையுடையன. மூன்றும் தரும் செய்திகளைக் கம்ப்யூட்டர் ஒன்று சேர்த்து, ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பி, நிலையத்தின் வரைபடத்தின் மீது பெயருடன் கூடிய புள்ளிகளாகக் காட்டுகிறது.

வகுப்பறையில் ஒரு பரிசோதனை

பன்முனை நிர்ணயத்தின் தத்துவத்தைக் காகிதத்திலேயே விளக்கலாம். ரேடியோ அலை ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் 300 மீட்டர் செல்கிறது. ஒரு தாளில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, அவற்றை அ, ஆ என்க. ஒரு சென்டிமீட்டர் 300 மீட்டரைக் குறிக்குமாயின், இவை 3,000 மீட்டர் இடைவெளியிலுள்ள இரு ஏரியல்கள் ஆகும். இரு புள்ளிகளையும் மையமாகக் கொண்டு, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒன்றாக வட்டங்களை வரைய வேண்டும்.

அ என்னும் ஏரியல், ஆ என்பதைவிட ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் நான்கு பங்கு முன்னதாகத் துடிப்பைக் கேட்டது என்று கொள்வோம். அப்படியாயின் விமானம், அ-வைக் காட்டிலும் ஆ-விலிருந்து 4 சென்டிமீட்டர் அதிகத் தூரத்தில் இருக்க வேண்டும். அ-வின் மூன்றாவது வட்டமும் ஆ-வின் ஏழாவது வட்டமும் தொடுமிடம், நான்காவதும் எட்டாவதும் வெட்டுமிடங்கள், ஐந்தாவதும் ஒன்பதாவதும் வெட்டுமிடங்கள் என இவ்வாறே குறித்துக்கொண்டு சென்று, எல்லாவற்றையும் இணைத்தால் அழகிய வளைகோடு ஒன்று கிடைக்கும். கணிதத்தில் அதிபரவளைவு எனப்படுவது இதுவே. விமானம் இக்கோட்டின் மீது எங்கோ இருக்கிறது. மூன்றாவது ஏரியல் ஒன்றைச் சேர்த்தால் மற்றொரு வளைகோடு கிடைக்கும். இரண்டும் வெட்டும் புள்ளியே விமானத்தின் இடம்.

அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையேயான நேர்கோட்டில், கால அளவில் ஒரு வினாடியின் இரண்டு கோடியில் ஒரு பங்கு பிழை நேர்ந்தால், இடத்தில் ஏழரை மீட்டர் பிழை நேரும். இத்தகைய கடிகாரங்கள் எவ்வளவு நுட்பமாக ஒத்து இயங்க வேண்டும் என்பதை மாணவர்கள் இதிலிருந்து உணரலாம்.

காண்பதிலிருந்து எச்சரிப்பது வரை

இச்சாதனங்களின் தொகுதிக்கு, முன்னேறிய தரை நகர்வு வழிகாட்டல் கட்டுப்பாட்டு முறை என்ற பொருளில், ஏ-எஸ்.எம்.ஜி.சி.எஸ். என்னும் எழுத்துக்கள் வழங்குகின்றன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் 2004-இல் இதற்கென ஒரு கையேட்டை வெளியிட்டது. காணுதல், வழி வகுத்தல், வழி காட்டுதல், கட்டுப்படுத்துதல் என்ற நான்கு பணிகளை அது வகுத்துரைக்கிறது. இந்தியாவில் குளிர்காலப் பனிமூட்டத்துக்குப் பெயர்போன டில்லியிலும், மும்பை, சென்னை, பெங்களூர் போன்ற பெரிய நிலையங்களிலும் இம்முறை நிறுவப்பட்டுள்ளது.

திரையில் காட்டுவதோடு இம்முறை நின்றுவிடுவதில்லை. ஓடுபாதையில் ஒரு விமானமோ வண்டியோ இருக்கையில் மற்றொன்று இறங்க நெருங்குமாயின், கம்ப்யூட்டர் இரண்டின் வேகத்தையும் திசையையும் கணக்கிட்டு எச்சரிக்கை எழுப்பும். ஆணையின்றிக் காத்திருப்புக் கோட்டைத் தாண்டினாலும், மூடப்பட்ட பாதையில் திரும்பினாலும் அவ்வாறே அறிவிக்கும். அதிகாரி மின்னணுத் துண்டில் பதிந்த அனுமதியையும் விமானத்தின் உண்மையான நகர்வையும் ஒப்பிட்டு, இரண்டும் முரண்பட்டால் அதனையும் சுட்டிக்காட்ட வல்ல அமைப்புகள் உள்ளன. காத்திருப்புக் கோட்டில் வரிசையாகப் பதிக்கப்பட்ட சிவப்பு விளக்குகள் எரியும் வரை எவ்விமானமும் தாண்டலாகாது. சிங்கப்பூர், துபாய் போன்ற நிலையங்களில், ஒவ்வொரு விமானத்துக்கும் முன்னால் பச்சை விளக்குகள் எரிந்து வழிகாட்ட, விமானி அவற்றைப் பின்தொடர்ந்து செல்கிறார்.

அண்மைக் காலத்தில் காமிராக்களும் துணைக்கு வந்துள்ளன. ஸ்வீடனில் 2015-இல் ஒரு சிறு விமான நிலையத்தை நெடுந்தூரத்திலுள்ள அறை ஒன்றிலிருந்து காமிராக்களின் வழியே கட்டுப்படுத்தத் தொடங்கினர். 2021 முதல் லண்டன் நகர விமான நிலையமும் இம்முறையில் இயங்குகிறது. படத்தில் நகரும் பொருளைக் கம்ப்யூட்டர் இனங்கண்டு அதன்மீது பெயரைப் பொறித்துக் காட்ட இயலும்.

விளக்கு எரிந்தது, யாரும் பார்க்கவில்லை

இவ்வளவு சாதனங்களும் இருந்தால் அபாயம் ஒழிந்துவிடுமா? 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் நிகழ்ந்தது இக்கேள்விக்குத் தரும் விடை ஆழ்ந்து கருதத்தக்கது.

முந்திய நாள் நேர்ந்த நோட்டோ பூகம்பத்தால் பாதிக்கப்பட்டோருக்கு உதவிப் பொருள்களை ஏற்றிக்கொண்டு, ஜப்பானியக் கடலோரக் காவற்படையின் விமானம் ஒன்று புறப்பட ஆயத்தமாக இருந்தது. காத்திருப்பு இடம் வரை செல்லுமாறு அதற்கு ஆணை கிடைத்தது. வரிசையில் முதலாவது என்றும் சொல்லப்பட்டது. அவ்விமானம் ஓடுபாதைக்குள் சென்று ஏறத்தாழ நாற்பது வினாடிகள் நின்றது. 379 பேருடன் இறங்கிய ஏர்பஸ் ஏ350 விமானம் அதன்மீது மோதித் தீப்பற்றியது. பெரிய விமானத்தில் இருந்த அனைவரும் ஊழியரின் பயிற்சியாலும் பிரயாணிகளின் ஒழுங்காலும் உயிருடன் வெளியேறினர். காவற்படை விமானத்தின் அறுவரில் ஐவர் மாண்டனர்.

அக்கோபுரத்தில் ஓடுபாதை நிலையைக் கண்காணிக்கும் தானியங்கித் திரை இருந்தது. அது பழுதடைந்திருக்கவில்லை. இறங்கும் விமானம் நெருங்குகையில் ஓடுபாதையில் வேறொன்று இருப்பதை அறிந்து, திரையில் நிறத்தை மாற்றிக் காட்டியது. ஆனால் அதிகாரி அதனைக் கவனிக்கவில்லை. அத்திரையை இடைவிடாது பார்த்திருக்க வேண்டும் என்ற விதியும் அன்று இல்லை. ஒலியெழுப்பும் எச்சரிக்கையும் அதில் அமையவில்லை. அந்த இடத்துக் காத்திருப்புக் கோட்டின் சிவப்பு விளக்குகளோ பராமரிப்பு வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தன. விபத்துக்குப் பின், சில நாட்களுக்குள்ளாகவே அத்திரையை மட்டும் பார்ப்பதற்கென ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். வரிசை எண்ணைச் சொல்வதும் நிறுத்திவைக்கப்பட்டது.

லினாட்டேயில் சாதனம் இல்லை. ஹனேடாவில் சாதனம் இருந்தது, ஆனால் அதன் செய்தி மனிதனைச் சென்றடையவில்லை. எச்சரிக்கை என்பது திரையில் முடிவதன்று. கேட்க வேண்டியவர் காதில் விழுந்து, அவர் வாயிலிருந்து ஆணையாக வெளிப்படும்போதே அது முடிவுறுகிறது. இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. காரணமின்றி அடிக்கடி ஒலிக்கும் மணியை மனிதர் விரைவில் புறக்கணிக்கத் தொடங்குவர். பொய்யெச்சரிக்கைகள் மலிந்தால் மெய்யெச்சரிக்கை மதிப்பிழக்கும். எப்போது ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதைப் போலவே, எப்போது மௌனமாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் பொறியியலாளரின் கடமையாகும்.

நம் நாட்டிலும் இத்தகைய நிலை தோன்றாமல் இல்லை. 2024 ஜூன் 8 அன்று மும்பையில், மேலெழும்பும் விமானம் ஓடுபாதையை விட்டுப் போவதற்குள் மற்றொரு விமானம் அதே ஓடுபாதையில் இறங்கியது. ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் விமானத் துறையின் மேலதிகாரிகள் உடனே விசாரணை தொடங்கினர். விபத்து நேராத தவறையும் விபத்துக்கு நிகராகக் கருதி ஆராய்வதே இத்துறையின் நல்லொழுக்கம்.

ஓடுபாதையைக் கடக்கும் ஊர்வலம்

திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இருமுறை உலகில் வேறெங்கும் காண்டற்கரிய நிகழ்ச்சி ஒன்று நடைபெறுகிறது. ஐப்பசி, பங்குனித் திருவிழாக்களின் முடிவில் ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம், விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. விமான நிலையம் தோன்றுவதற்கு முன்பே இருந்துவந்த வழி அது. ஊர்வலம் சென்று திரும்பும் வரை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் விமானங்கள் இறங்குவதும் புறப்படுவதும் நிறுத்தப்படுகின்றன.

யானையும் வாத்தியமும் திரளான மக்களும் ஓடுபாதையின் குறுக்கே செல்கின்றனர். இருந்தும் அங்கு அபாயம் இல்லை. ஏன்? விமானிகளுக்கான அறிக்கை பல நாட்களுக்கு முன்பே உலகெங்கும் அனுப்பப்பட்டுள்ளது. தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் எல்லோருக்கும் தெரியும். ஊர்வலம் திரும்பியபின் ஓடுபாதை பரிசோதிக்கப்பட்ட பிறகே மீண்டும் திறக்கப்படுகிறது. முன்கூட்டி அறிவிக்கப்பட்ட ஆயிரம் பேரின் நடை தீங்கற்றது. அறிவிக்கப்படாத ஒரே ஒரு வண்டியின் குறுக்கீடு பேரழிவுக்கு வித்தாகலாம். ரேடாரும் ஏரியல்களும் கம்ப்யூட்டரும் தேவைப்படுவது அறிவிக்கப்பட்டவற்றுக்காக அன்று, அறிவிப்பின்றி நிகழ்பவற்றுக்காகவே.

மனிதனும் யந்திரமும்

யந்திரம் சலிப்பதில்லை, ஒவ்வொரு வினாடியும் ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிப் பார்க்கிறது. இதில் மனிதன் அதற்கு ஈடாகமாட்டான். ஆனால் ஒரு விமானி ஆணையைத் திருப்பிச் சொல்லும் குரலில் தயக்கம் இருப்பதை உணர்வதும், பூகம்ப உதவிக்கு விரையும் விமானம் அவசரத்தில் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பதும் மனிதனுக்கே இயல்பானவை. அலகாபாத்தில் 1948 முதல் இயங்கிவரும் சிவில் விமானப் பயிற்சிக் கல்லூரியில் பயிலும் கட்டுப்பாட்டு அதிகாரிகள் திரையைப் படிப்பதோடு, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதையும் கேட்பதையும் கற்பதன் காரணம் இதுவே.

களப்பணி புரிவோர் யாவருக்கும் இதில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. மழைமானி ஆயினும், அணையின் நீர்மட்டக் கருவி ஆயினும், மின்பாதையின் எச்சரிக்கை விளக்காயினும், கருவியை நிறுவுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அதன் அளவு யாரிடம் செல்கிறது, அவர் அதை எப்போது பார்க்கிறார், பார்த்தபின் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்ற மூன்றும் தீர்மானிக்கப்பட்டால்தான் அது காவலாகும். ஹனேடாவில் மாண்ட ஐவரும் பிறருக்கு உதவப் புறப்பட்டவர்கள். அவர்களுடைய முடிவு, எரிகின்ற விளக்கை நோக்கும் கண் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்பதை உலகிலுள்ள எல்லாக் கோபுரங்களுக்கும் உணர்த்திவிட்டது.